கரும்பொருள் தொகையீட்டில் பை⁴/15 எங்கிருந்து வருகிறது?

நெடுவழி

வணக்கம். கரும்பொருள் (தன்மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருள்) எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கதிர்வீசும் என்று சொல்லும் பிளாங்க் விதியிலிருந்து, மொத்தக் கதிர்வீச்சைச் சொல்லும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மேன் விதிக்குப் போகும்போது ஒரு தொகையீடு வருமே, எக்ஸ்³/(ஈ^எக்ஸ் − 1), சுழியிலிருந்து முடிவிலி வரை. விடை பை⁴/15 என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. வகுப்பில் கேட்டதற்கு, அட்டவணையில் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வுக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

நானே முயன்று பார்த்தேன். எக்ஸ்/(ஈ^எக்ஸ் − 1) என்பதை விரித்தால் 1 − எக்ஸ்/2 + எக்ஸ்²/12 − எக்ஸ்⁴/720 + … என்று வருகிறது. அதை எக்ஸ்² ஆல் பெருக்கி ஒவ்வொரு உறுப்பாகத் தொகையிட்டேன். முதல் உறுப்பே முடிவிலி, அடுத்தது எதிர் முடிவிலி, அப்புறம் மறுபடி முடிவிலி. இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன். தொடர் சரிதான், சரிபார்த்துவிட்டேன். பிறகு ஏன் இப்படி ஆகிறது? வெப்பக் கணக்கில் வட்டத்தின் பை ஏன் வருகிறது, அதுவும் நான்காம் அடுக்கில்?

முடிவிலி

உங்கள் தொடரில் தப்பில்லை, ஆனால் அது செல்லுபடியாகும் தூரம் குறைவு. எக்ஸ்/(ஈ^எக்ஸ் − 1) என்ற சார்புக்கு மெய்யெண் கோட்டில் எந்த இடைஞ்சலும் கிடையாது. கலப்பெண் தளத்தில்தான் சிக்கல்: 2பை·ஐ என்ற புள்ளியில் (ஐ என்பது −1 இன் வர்க்கமூலம்) பகுதி சுழியாகிவிடுகிறது. அதனால் எக்ஸ் 2பையைத் தாண்டினால் (சுமார் 6.28) தொடர் ஒருங்குவதில்லை. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு முடிவிலி வரை நடந்திருக்கிறீர்கள்.

வேறு பக்கத்திலிருந்து வாருங்கள். மேலும் கீழும் ஈ^(−எக்ஸ்) ஆல் பெருக்கினால் 1/(ஈ^எக்ஸ் − 1) என்பது ஈ^(−எக்ஸ்)/(1 − ஈ^(−எக்ஸ்)) ஆகும். இது பள்ளியில் படித்த பெருக்குத் தொடர்தான்: ஈ^(−எக்ஸ்) + ஈ^(−2எக்ஸ்) + ஈ^(−3எக்ஸ்) + … இப்போது ம-ஆவது உறுப்பை எடுங்கள். எக்ஸ்³·ஈ^(−ம·எக்ஸ்) இன் தொகையீட்டில் ம·எக்ஸ் ஐ ஒரு புதிய மாறியாகப் போட்டால் ம⁴ கீழே வந்துவிடும், மேலே மிஞ்சுவது காமா(4), அதாவது 3! = 6. ஆக மொத்தம்

6 × (1 + 1/2⁴ + 1/3⁴ + 1/4⁴ + …)

அடைப்புக்குள் இருப்பது ஸீட்டா(4). ஆய்லர் கண்ட அதன் மதிப்பு பை⁴/90. ஆறால் பெருக்கினால் பை⁴/15. இதே வழியில் எக்ஸ்^(எஸ்−1)/(ஈ^எக்ஸ் − 1) என்று பொதுவாக எடுத்தால் விடை காமா(எஸ்) × ஸீட்டா(எஸ்), எஸ் ஒன்றைவிடப் பெரிதாக இருக்கும்வரை. இந்த ஒரு சமன்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் அட்டவணையில் பாதிப் பக்கம் தேவைப்படாது.

எதிர்க்கேள்வி

ஒரு இடத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எக்ஸ் = 0 இல் அந்தப் பெருக்குத் தொடர் 1 + 1 + 1 + … ஆகிவிடுகிறது, ஒருங்காது. அப்புறம் கூட்டலையும் தொகையீட்டையும் இடம் மாற்றினீர்களே, யார் அனுமதித்தது? நெடுவழியும் இடம் மாற்றித்தானே மாட்டிக்கொண்டார்?

முடிவிலி

நியாயமான கேள்வி. எக்ஸ் = 0 என்பது ஒற்றைப் புள்ளி, தொகையீட்டில் அதற்கு எடை இல்லை. மற்ற எல்லா இடத்திலும் தொடர் ஒருங்குகிறது. முக்கியமானது, என்னுடைய உறுப்புகள் எல்லாமே நேர் எண்கள். உறுப்புகள் நேராக இருந்தால் எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடைதான், அது முடிவிலியாக இருந்தாலும் இரண்டு பக்கமும் முடிவிலியாகவே இருக்கும். இதுதான் டொனெல்லி தேற்றம். நெடுவழியின் தொடரில் இரண்டு குறை. 2பைக்கு அப்பால் அந்தத் தொடர் சார்பையே குறிக்கவில்லை. போதாததற்குக் குறிகளும் மாறி மாறி வருகின்றன.

கரும்பெட்டி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் விண்மீன் நிறமாலைப் பக்கம் வேலை செய்கிறேன்.

அந்தக் கூட்டலில் முதல் உறுப்பு மட்டும் என்ன தெரியுமா? வீன் 1896 இல் கொடுத்த கதிர்வீச்சு விதி. பகுதியில் இருக்கும் அந்த −1 ஐ விட்டுவிட்டால் கிடைப்பது அதுதான். அதன் தொகையீடு 6. முழு விடை 6.4939. ஆக மொத்த ஆற்றலில் 92.4 விழுக்காட்டை வீன் விதியே கொடுத்துவிடுகிறது, மீதி உறுப்புகள் எல்லாம் சேர்ந்து 7.6 விழுக்காடு. அந்த மீதி பெரும்பாலும் நீண்ட அலைநீளப் பக்கம் இருக்கிறது. 1900 இல் பெர்லினில் அகச்சிவப்பு அளவீடுகள் வீன் விதியிலிருந்து விலகியதும் அங்கேதான், பிளாங்க் அந்த −1 ஐச் சேர்க்க வேண்டி வந்ததும் அதனால்தான்.

இன்னொன்று. பிளாங்க் 1901 கட்டுரையில் இந்தத் தொகையீட்டைச் செய்யும்போது, முடிவிலி சொன்ன அதே பெருக்குத் தொடரைப் போட்டு 1 + 1/2⁴ + 1/3⁴ + … என்று விரித்து, கூட்டி, 1.0823 என்று தசமத்தில் எழுதுகிறார். பை⁴/90 என்று எழுதவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது எண். குர்ல்பாம் அளந்த மொத்தக் கதிர்வீச்சை இந்த 1.0823 உடன் இணைத்தால் போல்ட்ஸ்மேன் மாறிலியின் நான்காம் அடுக்கு வகுத்தல் பிளாங்க் மாறிலியின் மூன்றாம் அடுக்கு கிடைக்கிறது. நிறமாலையின் உச்சி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து 4.9651 என்ற இன்னொரு எண் வழியாக இரண்டு மாறிலிகளின் விகிதம் கிடைக்கிறது. இரண்டையும் தீர்த்து பிளாங்க் மாறிலி 6.55 × 10⁻³⁴ ஜூல்-வினாடி என்று சொன்னார். இன்றைய மதிப்பு 6.626 × 10⁻³⁴, சுமார் ஒரு விழுக்காடுதான் வித்தியாசம். எனவே இது ஏதோ அட்டவணையில் கிடக்கும் தொகையீடு இல்லை, பிளாங்க் தன் மாறிலிக்கு இந்த எண்ணைக் கண்டதே இதை வைத்துத்தான்.

நெடுவழி

ஐயா, ரொம்ப நன்றி, பெருக்குத் தொடர் முழுவதும் புரிந்தது. கரும்பெட்டி சொன்னது எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது. ஆனால் பை பற்றிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. 1 + 1/16 + 1/81 + … இதில் வட்டம் எங்கே?

முடிவிலி

சைன் சார்புக்குள். ஆய்லர் சைன்(எக்ஸ்)/எக்ஸ் என்பதை அதன் சுழிகளை வைத்துக் காரணிகளாகப் பிரித்தார். சுழிகள் ±பை, ±2பை, ±3பை என்று சம இடைவெளியில் கிடக்கின்றன, அதனால் (1 − எக்ஸ்²/பை²)(1 − எக்ஸ்²/4பை²)(1 − எக்ஸ்²/9பை²)… என்று எழுதலாம். இதைப் பெருக்கி எக்ஸ்² இன் கெழுவை வழக்கமான சைன் தொடரோடு ஒப்பிட்டால் ஸீட்டா(2) = பை²/6. எக்ஸ்⁴ வரை போனால் ஸீட்டா(4) = பை⁴/90. சுழிகள் இணை இணையாக வருவதால் இரட்டைப்படை அடுக்குகள் மட்டும்தான் இப்படி மாட்டும். ஸீட்டா(3) க்கு இந்த வழி உதவாது. அது விகிதமுறா எண் என்பதையே 1978 இல் அப்பெரி அறிவித்த பிறகுதான் உலகம் அறிந்தது.

இப்போது இயற்பியலுக்கு வாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எக்ஸ்³ என்ற அந்த மூன்று எங்கிருந்து வந்தது? வெளி முப்பரிமாணம் என்பதால் வந்தது. அதிர்வெண்ணுக்குத் தக்கபடி அலைவகைகளை எண்ணும்போது இரண்டு அடுக்கு, ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலுக்காக இன்னொரு அடுக்கு. ஆக முப்பரிமாணத்தில் ஸீட்டா(4). நாம் இருபரிமாண உலகத்தில் இருந்திருந்தால் எக்ஸ்²/(ஈ^எக்ஸ் − 1) வந்திருக்கும், விடை 2·ஸீட்டா(3), அதில் பை இருந்திருக்காது. நாம் வாழும் வெளியின் பரிமாணம் ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால்தான் ஸ்டெஃபான் மாறிலியில் அந்த பை⁴ வருகிறது.

ஸ்டெஃபான் மாறிலியில் மொத்தம் பை⁵ இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் நான்கு ஸீட்டாவினுடையவை, மிச்சம் ஒன்று பரப்பிலிருந்து அரைக்கோளம் முழுக்கக் கதிர் வெளியேறுவதைக் கூட்டும்போது வருவது. இரண்டுக்கும் தொடர்பில்லை. இந்த வேறுபாட்டை ஏன் எந்த வகுப்பிலும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கரும்பெட்டி

ஸீட்டா(3) முப்பரிமாணத்திலும் வரும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆற்றலை விட்டுவிட்டு ஒளித்துகள்களை எண்ணினால் மட்டும் போதும் என்றால் எக்ஸ்² தான், தொகையீடு 2·ஸீட்டா(3) = 2.404. பெருவெடிப்பின் மிச்சமாக வானமெங்கும் நிறைந்திருக்கும் நுண்ணலைப் பின்னணிக்கு 2.725 கெல்வின் போட்டுக் கணக்கிட்டால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 411 ஒளித்துகள் வரும். உங்கள் மேசைமேல் இருக்கும் காலி டம்ளருக்குள்ளும்தான். ஆற்றலைத் துகள் எண்ணிக்கையால் வகுத்தால் 6.494/2.404, அதாவது ஒரு துகளுக்குச் சராசரியாக 2.7 மடங்கு கேடி (போல்ட்ஸ்மேன் மாறிலி × வெப்பநிலை).

ஆய்வகம்12

கணினியில் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை, நான் மாணவர்களின் நிரலில் அடிக்கடி பார்க்கும் பிழைகள். முதலாவது, எக்ஸ் மிகச் சிறிதாக இருக்கும்போது ஈ^எக்ஸ் − 1 என்று அப்படியே எழுதாதீர்கள். ஈ^எக்ஸ் ஒன்றுக்கு ஒட்டி இருக்கும், கழித்ததும் பொருளுள்ள இலக்கங்கள் எல்லாம் போய்விடும். பைதானில் இதற்கென்றே எக்ஸ்பிஎம்1 என்ற சார்பு இருக்கிறது, கழித்தலையும் சேர்த்தே செய்து தரும். இரண்டாவது, எக்ஸ் 709 ஐத் தாண்டினால் ஈ^எக்ஸ் இரட்டைத் துல்லிய எண்ணின் எல்லையைத் தாண்டிவிடும். இந்தத் தொகையீட்டுக்கு 50 இல் வெட்டினாலே போதும், விட்டுப்போகும் வால் பத்தாவது தசமத்தைக்கூட அசைக்காது.

கையால் வேண்டுமானால் ஐந்து உறுப்பு கூட்டுங்கள்: 6, 6.375, 6.449, 6.4725, 6.4821. மெதுவாகத்தான் ஏறும்.

முடிவிலி

நெடுவழியின் முதல் பதிவுக்குத் திரும்புகிறேன். அந்த முடிவிலிகளை நான் அவசரமாக ஒதுக்கிவிட்டேன், அது சரியில்லை. அந்தத் தொடருக்குள்ளேயே விடை இருக்கிறது. எடுத்துக் காட்டியவர் இராமானுஜன்.

1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். முதல் அறிக்கை 1913 ஆகஸ்ட் 5 ஆம் தேதியிட்டது. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்கு ஏழு மாதம் முன்பு. அதில் அவர் விளக்கும் முறைக்கு இன்று இராமானுஜனின் முதன்மைத் தேற்றம் என்று பெயர். சொல்வது இவ்வளவுதான். ஒரு சார்பை

ஃபை(0) − ஃபை(1)·எக்ஸ்/1! + ஃபை(2)·எக்ஸ்²/2! − ஃபை(3)·எக்ஸ்³/3! + …

என்று எழுத முடிந்தால், அதை எக்ஸ்^(எஸ்−1) ஆல் பெருக்கிச் சுழியிலிருந்து முடிவிலி வரை தொகையிட, கிடைப்பது காமா(எஸ்) × ஃபை(−எஸ்). எண்ணி எண்ணி வந்த கெழுக்களை எதிர்த்திசையில் நீட்டிப் படித்தால் தொகையீடு வந்துவிடுகிறது!

நெடுவழியின் தொடரில் ஃபை என்ன? 0, 1, 2, 3, 4 க்கு முறையே 1, 1/2, 1/6, 0, −1/30. இவை பெர்னூலி எண்கள், 1/2 இன் குறி மட்டும் மாறியிருக்கிறது. இவை அத்தனையும் ஒரே வாய்பாட்டில் அடங்கும்: ஃபை(க) = −க × ஸீட்டா(1 − க). இப்போது க இருக்கும் இடத்தில் −3 போடுங்கள், ஏனென்றால் நமக்கு எக்ஸ்² வெளியே நிற்கிறது, எஸ் = 3. ஃபை(−3) = 3 × ஸீட்டா(4). காமா(3) = 2. பெருக்கினால் 6·ஸீட்டா(4) = பை⁴/15.

நீங்கள் கைவிட்ட அதே தொடர்தான், நெடுவழி. அதை உறுப்பு உறுப்பாகத் தொகையிட்டது மட்டும்தான் பிழை.

எதிர்க்கேள்வி

அழகுதான், ஆனால் என்னால் ஏற்க முடியவில்லை. முழு எண்களில் மட்டும் தெரிந்த ஒரு ஃபையை −3 வரை நீட்டுவதற்கு ஒரே வழிதானா இருக்கிறது? சைன்(பை·க) ஐக் கூட்டிவிடுங்கள். முழு எண்களில் அது சுழி, தொடர் அப்படியே இருக்கும், தொகையீடும் மாறாது. ஆனால் எஸ் = 1/2 போட்டால் வலப்பக்கத்தில் காமா(1/2) × சைன்(−பை/2), அதாவது −√பை கூடுதலாக வந்து நிற்கிறது. ஒரே தொகையீட்டுக்கு இரண்டு விடையா?

முடிவிலி

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எல்லா ஃபைக்கும் தேற்றம் செல்லாது. எந்த நிபந்தனையில் செல்லும் என்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டி பிறகு நிறுவினார். காரணீயத்தையும் உள்ளே சேர்த்து ஃபை(க)/க! என்பதை ஒரே கெழுவாக எடுங்கள், க கலப்பெண்ணாக இருக்கட்டும். கற்பனைத் திசையில் மேலே போகப் போக அது எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பாருங்கள். உயரம் உ என்றால், ஈ^(அ·உ) போல வளர்ந்து, அந்த அ பையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் நீட்டுவதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. உங்கள் சைன்(பை·க) தனியாகவே பை வேகத்தில் வளரும், கீழே இருக்கும் காரணீயம் இன்னும் பை/2 சேர்த்துவிடும். மொத்தம் 3பை/2, எல்லைக்கு வெளியே.

நம்முடைய கெழு? ஸீட்டாவை ரீமன் கொடுத்த சமச்சீர்ச் சமன்பாட்டால் திருப்பினால் அது −2 × (2பை)^(−க) × கோசைன்(பை·க/2) × ஸீட்டா(க) ஆகிறது. கோசைன் வளரும் வேகம் பை/2, எல்லைக்குள் நிற்கிறது. அந்த (2பை)^(−க) ஐயும் கவனியுங்கள், என் முதல் பதிவில் சொன்ன 2பை, தொடர் எதுவரை ஒருங்கும் என்ற அந்த எல்லைதான், இங்கே திரும்ப வந்திருக்கிறது.

எதிர்க்கேள்வி

சரி, ஒப்புக்கொள்கிறேன். வளர்ச்சி வேகத்தைக் கட்டினால் நீட்சி ஒன்றுதான் என்பது கார்ல்சன் தேற்றம். அதை இந்த இடத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

நெடுவழி

நேற்று இரவு முழுவதும் இதிலேயே இருந்தேன். என்னுடைய தொடர் வீணாகவில்லை என்பது எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. ஃபெர்மி துகள்களுக்கு (எலக்ட்ரான் போன்றவை, அவற்றுக்குப் பகுதியில் −1 க்குப் பதில் +1) நானே செய்து பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

1/(ஈ^எக்ஸ் + 1) = 1/2 − எக்ஸ்/4 + எக்ஸ்³/48 − … ஃபை(0) = 1/2, ஃபை(1) = 1/4, ஃபை(2) = 0, ஃபை(3) = −1/8. இது குறி மாறி வரும் ஸீட்டா, 1 − 1/2^எஸ் + 1/3^எஸ் − … என்பதன் எதிர்முழு எண் மதிப்புகள்! 1 − 1 + 1 − 1 + … க்கு 1/2 என்றும், 1 − 2 + 3 − 4 + … க்கு 1/4 என்றும் ஆய்லர் சொன்னதாகப் படித்திருக்கிறேன், அவை இங்கே கெழுக்களாக நிற்கின்றன. எக்ஸ்³ உடன் தொகையிட எஸ் = 4. ஃபை(−4) = 1 − 1/16 + 1/81 − … = (7/8) × ஸீட்டா(4). விடை 7பை⁴/120. கணினியில் 5.682197 வந்தது, பொருந்துகிறது.

கரும்பெட்டி

சரிதான். அந்த 7/8 ஐ நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். தொடக்கப் பேரண்டத்தில் ஒரே வெப்பநிலையில் இருந்த ஃபெர்மி துகளின் ஒவ்வொரு தற்சுழற்சி நிலைக்கும், ஒளியின் ஒரு நிலையோடு ஒப்பிட்டால், ஆற்றல் 7/8 பங்கு. எலக்ட்ரானும் பாசிட்ரானும் அழிந்து ஒளியைச் சூடாக்கியதில் நியூட்ரினோ வெப்பநிலை ஒளியைவிட (4/11) இன் கனமூலம் அளவுக்குத் தாழ்ந்து, இன்று சுமார் 1.95 கெல்வினில் இருக்க வேண்டும் என்று வரும் கணக்கிலும் அந்த 11 ஐக் கொண்டுவருவது இந்த 7/8 தான்.

முடிவிலி

நெடுவழிக்கு இன்னும் ஒன்று. 1/(ஈ^எக்ஸ் − 1) உடன் எஸ் = 1/2 போட்டால் சுழிக்கு அருகில் தொகையீடு வெடித்துவிடும். அதிலிருந்து 1/எக்ஸ் ஐக் கழித்துவிட்டு, எக்ஸ்^(−1/2) ஆல் பெருக்கித் தொகையிடுங்கள். வாய்பாடு காமா(எஸ்) × ஸீட்டா(எஸ்) அப்படியே நிற்கும், 0 க்கும் 1 க்கும் நடுவில் எஸ் இருக்கும்வரை. ஸீட்டா(1/2) = −1.46035, காமா(1/2) = √பை. கணினியில் பொருந்துகிறதா பாருங்கள்.

நெடுவழி

பொருந்தவில்லை ஐயா. −2.588 வர வேண்டும், எனக்கு −2.306 வருகிறது. எக்ஸ்பிஎம்1 தான் போட்டேன், 50 இல் வெட்டினேன்.

ஆய்வகம்12

50 இல் வெட்டச் சொன்னது முந்தைய தொகையீட்டுக்கு. அங்கே வால் ஈ^(−எக்ஸ்) போலச் சுருங்கியது. இங்கே −1/எக்ஸ் ஐச் சேர்த்துவிட்டதால் வால் எக்ஸ்^(−3/2) போல மெதுவாகத்தான் சாகும். 50 க்கு அப்பால் விட்டுப்போனது −2/√50, அதாவது −0.283. கூட்டிப் பாருங்கள்.

நெடுவழி

−2.5884. வந்துவிட்டது.